இரண்டாம் தடவைச் சொதி

திருவனந்தபுரம்

அன்புள்ள மங்கலத்துக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே, மிச்சம் இருக்கிற நான் நலம்.

போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய், அதனால் எழுதுகிறேன். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து ஒரு வருடம் ஆனதால், நேற்று டாக்டர் ரெம்யாவைப் பார்த்தேன். எடை இறங்கிவிட்டது, சர்க்கரை மாத்திரையும் இனி வேண்டாமாம்.

"திரவியம் சாரே, நல்ல சக்சஸாணு கேட்டோ. உங்களுக்குத் திருப்திதானே?" என்றார், மலையாளம் கலந்து.

"தேங்காய்ப்பால் சொதி சாப்பிட முடியலையே டாக்டர்."

"சாப்பிடலாமே. கொஞ்சம் போதும்."

அவருக்குப் புரியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைச் சொதி விருந்தில் நான் நான்காம் தடவை சோறு கேட்டதும், உங்கம்மா மறுபடி உலை வைக்க ஓடியதும், நீ கதவுக்குப் பின்னால் சிரித்ததும் எந்த ரிப்போர்ட்டில் வரும்? அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை வருடம் தின்றேன். தொப்பைக்கு முழுப் பொறுப்பு நீதான்.

தீபாவளிக்கு வந்தபோது நாலு கவளத்தோடு இலையை மூடினேன். நீ சொதிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். இந்த ஆபரேஷனில் எனக்கு வலித்தது அந்த ஓர் இடம்தான்.

பொங்கலுக்கு வருகிறேன். என் பழைய பேன்ட்டுகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்துவை. இல்லாவிட்டால் ஜன்னலுக்குத் திரையாக்கிவிடு. விழிஞ்ஞம் துறைமுகம் போகும் ஆபீஸ் வேன் ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன். இப்போதெல்லாம் நிஜமாகவே ஓட முடிகிறது.

ஒன்று மட்டும் மறக்காதே. நம் மகள் கமலிக்குச் சோறூட்டிய குட்டி வெள்ளிக் கிண்ணத்தைத் தேடி எடுத்துவை. அதில் சொதிச்சோறு பரிமாறினால் நான் இரண்டாம் தடவையும் கேட்பேன்.

உன்
திரவியம்