புது மாப்பிள்ளைக்கு வெள்ளரிக்காச் சலாது

ஜனவரி 18, சனி

மழை. சுபஹுத் தொழுகைக்குத் தொடங்கினது, இன்னும் விடல்ல. பள்ளிவாசலுக்குப் போகல்ல (உம்மாக்கிட்ட போனதாத்தான் சொல்லியிரிக்கன்).

இண்டைக்கு ‘காலைத்தட்டு’ சேனல்ல துருக்கி!!! ஆறு மணிக்குப் போட்டாங்க, ஆறு மூணுக்குப் பாத்து முடிச்சிட்டன், ஸ்பீட கூட்டி. வெள்ளரிக்காய், தக்காளி, ஒலிவ் காய், வெள்ளச் சீஸ், அவிச்ச முட்டை, தேன். விடியக்காலையில! அங்க ஒருத்தரும் உம்மாக்கிட்ட ஏச்சு வாங்கிற மாதிரித் தெரியல்ல. நான் போட்ட கமெண்டுக்கு சேனல் அக்கா ஹார்ட் குடுத்திட்டா. ஸ்கிரீன்ஷொட் எடுத்திட்டன். ரெண்டு தரம்.

சேனலப் பாத்து நான் இதுவரைக்கும் காலச்சாப்பாடாத் திண்டது:
- தயிருக்குள்ள வெள்ளரிக்காய், உப்பு, மிளகு (சூப்பர்)
- கடலை அவிச்சு மசிச்சு, தேசிக்காப் புளி (சரி)
- வத்தகப் பழமும் சீஸும் (உம்மா சீஸத் தேடினா, நான் ஒண்டும் கதைக்கல்ல)
- ஜப்பான் மாதிரி மீன் சூப்பும் சோறும் (எங்கட ராத்திரி மிச்சம்தான். பேர் மட்டும் ஜப்பான்)
- பச்சக் கோவா இலை (இல்ல. ஒருநாளும் இல்ல)

“ஆம்புளப் புள்ள விடிஞ்சா எழும்பி ஆடு மாதிரிப் பச்சய மேயுது கா.” உம்மா, அடுத்தூட்டுச் சாச்சிக்கிட்ட, மதிலுக்கு மேலால. ஏ.எல். சோதன எழுதிட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் இரிக்கிறவனுக்கு வேற என்ன வேல?

ஃபோன்ல எழுதினா மூத்தவ, ராத்தா, பாத்திருவா. அதான் பழைய பயோ கொப்பிர கடைசிப் பக்கம்.

ராத்தாட கலியாணம் முடிஞ்சு இருபத்திமூணு நாள். மச்சான் மருதமுனையில இரிந்து எங்கட ஊட்டுக்கு வந்திட்டார். பொண்ணூட்டுக்குத்தானே மாப்பிள்ளை வாறது. கத்தார்ல ஏழு வருஷம் நிண்டவர், இப்ப கல்முனை பஸார்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில. நல்ல மனிசன். கதைதான் கொறவு. “ஓம்.” “ம்.” “போதும் மாமி.” கூடுதலா “போதும் மாமி.”

இண்டைக்கு அவர்ர மேசையில: இடியப்பம், ஈரல் கறி, சொதி, முட்டைப் பொரியல், வட்டிலாப்பம், கதலிப்பழம்.
அவர் திண்டது: ஒண்டரை இடியப்பம்.
அந்த அரை இடியப்பத்த எப்பிடிப் பிச்சார் எண்டுதான் எனக்கு யோசினை.

19, ஞாயிறு

மழை விட்டுட்டு. குசினிக்குள்ளதான் இப்ப மழை.

அடுத்தூட்டுச் சாச்சிர புருஷன் கண்டாராம். எங்கட மச்சான் பஸார்ல தேத்தண்ணிக் கடையில, லொறிச் சாமான் எறக்கிற ஆக்களோட ஒரே வாங்குப் பலகையில இரிந்து பேக்கரிப் பாணும் பருப்பும் திண்டுக்கிட்டு இரிந்தாராம். “சிரிச்சிக் கதைச்சிக்கிட்டு இரிந்தாராம் கா” எண்டு சாச்சி சொன்னா. உம்மாக்கு பாண விட அந்தச் சிரிப்புத்தான் சுட்டுட்டு.

“நான் சுபஹுக்கு முன்ன எழும்பி மாப் பிழியிறன். அவருக்கு ரோட்டுக் கடப் பாணா?”

வாப்பா: “சும்மா அலட்டாத. சத்தம் போடாத.”

உம்மா: “ஊர் கதைக்கிதே! புது மாப்பிள்ளைக்கு மாமியூட்டுல பசியாம்!”

அது கூட பரவால்ல. மறுகா ராத்தா என்னக் கிணத்தடிக்குக் கூப்பிட்டா. கண் வீங்கி இரிந்திச்சி. மச்சான் அவர்ர உம்மாவோட ஃபோன்ல கதைச்சத கேட்டாவாம். “வெள்ளிக்கிழம வாறன் உம்மா. நாலஞ்சு நாள் நிண்டிட்டுத்தான் போவன்.”

ராத்தாவ வாங்க எண்டு சொல்லல்லயாம்.

“தம்பி, வந்த மாப்பிள்ள ஒரு மாசத்துக்குள்ள திரும்பிப் போனா என்னண்டு கதைப்பாங்க தெரியுமா?”

தெரியும். கொய்யாக்கா ஒண்டு ஆஞ்சு குடுத்தன். திண்டுக்கிட்டே அழுதா.

பின்னேரம் படுத்துக் கிடக்கக்குள்ள டக்கெண்டு ஓடிச்சி. கத்தார்!!! ஏழு வருஷம்! அங்க காலையில அரபிமார், துருக்கிக்காரர் எல்லாம் என்ன திண்றாங்க? சலாது! மச்சான்ட வயிறு அங்கத்த வயிறு. ஈரல் கறி எப்பிடி எறங்கும்? சொல்ல வெக்கம், புது மாப்பிள்ளை. ஊருலயே இது வெளங்கின ஒரே ஆள் நான்தான்.

வெள்ளிக்கு இன்னும் அஞ்சு நாள்.

20, திங்கள்

வாங்கினது: வெள்ளரிக்காய் 2, தக்காளி 4, சலாது இலை ஒரு கட்டு, தேசிக்காய், சின்ன வெங்காயம். ஒலிவ் காய் சந்தையில கேட்டன். “அது என்ன, புளியங்காயா தம்பி?” எண்டாங்க. விட்டுட்டன்.

உம்மா தொழுதுக்கிட்டு இரிக்கக்குள்ள வெட்டி முடிச்சிட்டன். பெரிய கண்ணாடிக் கோப்பை. மேசையில வட்டிலாப்பத்தத் தள்ளிட்டு நடுவுல வெச்சன்.

மச்சான் கோப்பையப் பாத்தார். என்னப் பாத்தார். உம்மா திரைக்குப் பின்னால. வாப்பா கதவடியில, கை கழுவத் தண்ணிச் செம்போட. எப்பவும் அப்பிடித்தான் நிப்பாங்க.

“இது என்ன தம்பி?”

“துருக்கி, மச்சான்! உங்களுக்குத் தெரியாததா? நானும் இதத்தான் திண்றன்.” எதிர்க் கதிரைய இழுத்து இரிந்து நானே தொடங்கிட்டன். மத்ததெல்லாம் மாப்பிள்ளைச் சாப்பாடு, எனக்குக் கை வெக்க ஏலா. இது என்ட.

திண்டார்!! கோப்பை காலி. அதுக்கு மேல இடியப்பமும் நாலு!!! (வயிறு திறந்திட்டு எண்டு அர்த்தம். சேனல் அக்காவும் அதத்தான் சொன்னா, பச்சக் காய் பசியக் கெளப்புமாம்.) சேனல் பத்திச் சொன்னன், ரிசல்ட் பத்திச் சொன்னன், தண்ணிக் குழாய்க்கு எத்தின வகை மூட்டு இரிக்கி எண்டு அவர் சொன்னார். ஒரு முழு வசனம்! எண்ணிப் பாத்தன், பதினொரு சொல்.

கமெண்ட் போட்டன்: “எங்கட புது மச்சானுக்குத் துருக்கிக் காலச்சாப்பாடு குடுத்து ஜெயிச்சிட்டன்.” அக்கா அத மேல பின் பண்ணிட்டா. ஸ்கிரீன்ஷொட், மூணு தரம்.

21, செவ்வாய்

இண்டைக்கும் காலி. கரட் சீவிப் போட்டன், அவிச்ச கடலை. அவர் கரட்ட ஒரு பக்கமாச் சேத்து வெச்சுத் திண்டார், கடைசிக்கு ஆசையா வெச்சிரிக்கார் போல.

ராத்தா குசினிக்குள்ள சிரிச்சா. கன நாளைக்குப் பிறகு.

ஆனா உம்மா. கறிச்சட்டியக் கழுவிக்கிட்டு, என்னப் பாக்காம: “இருபத்தஞ்சு வருஷம் அடுப்படியில நிண்ட கை இது. ஒரு வெள்ளரிக்காய்க்குத் தோத்திட்டு.”

பகிடியாச் சொன்ன மாதிரித்தான். ஆனா கழுவின சட்டியத் திரும்பவும் கழுவினா.

நான் ஜெயிச்சது உம்மாவையா? அத யோசிக்கல்ல நான்.

22, புதன்

வரிப்பத்தான்சேனையில எங்கட வயல் வரம்பு உடைஞ்சிட்டாம். வாப்பாவோட சுபஹோட போயிட்டன். சலாதெல்லாம் வெட்டி, மூடி, ராத்தாக்கிட்ட சொல்லி வெச்சிட்டுத்தான் போனன். புளி கடைசியா விடணும், இல்லாட்டி தண்ணி விட்டிரும் எண்டெல்லாம்.

பத்து மணி வரைக்கும் சேறு. ஊட்டுக்கு வந்து முதல் வேலையா குசினி.

கோப்பை அப்பிடியே இரிக்கி. ஒரு துண்டு குறையல்ல. இலை சுருண்டு போய்.

“தொடல்லடா. ஒரு இடியப்பம். ‘போதும்’ எண்டிட்டு எழும்பிட்டார்” எண்டா ராத்தா. மறுகா ரூமுக்குள்ள போய் அவர்ர சேட்டுகள மடிச்சு ஒரு பைக்குள்ள வெச்சா. வெள்ளிக்கிழமைக்கு. கேக்காமலே மடிக்கிறா.

புளி கூடிட்டா? உப்பா? ராத்தா வெச்ச விதமா? வீடியோவத் திரும்ப மூணு தரம் பாத்தன். ஒண்டும் வெளங்கல்ல.

23, வியாழன்

காத்து. கடல் எரைச்சல் ஊட்டுக்குள்ள கேட்டிச்சி. காலையில சலாது செய்யல்ல, மனசில்ல. மச்சான் எழும்புறதுக்கு முன்ன வெளிய போயிட்டன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடக்கரையில இரிந்தன். பின்னால பைக் சத்தம். மச்சான். வந்து தோணி நிழல்ல பக்கத்துல இரிந்தார்.

“தம்பி, ஒண்டு சொல்லட்டா? கோவிக்கப்படா.”

“சொல்லுங்க மச்சான்.”

“எனக்குப் பச்சக் காய் கண்ணுல காட்டப்படா. கத்தார்ல ஏழு வருஷமும் ஒரு வெள்ளரிக்காய் தொட்டதில்ல நான்.”

!!!!

“அப்ப ரெண்டு நாளும் கோப்பைய வழிச்சுத் திண்டீங்களே!”

“நீ முன்னால இரிந்து திண்டாய். அதால எறங்கிச்சி.”

மறுகா கதைச்சார். இவ்வளவு கதைச்சு நான் கேட்டதே இல்ல. அங்க ஒரு ரூமுல எட்டுப் பேராம். ஒரு பெரிய தட்டு, நிலத்துல பேப்பர், சுத்தி எட்டுப் பேர், ஒருத்தன்ட கை மத்தவன்ட கையில படும். தனியத் திண்ட நாளே இல்லயாம். இஞ்ச வந்தா மேச நெறயச் சாப்பாடு, ஒரே ஒரு பீங்கான். வாப்பா செம்போட. திரைக்குப் பின்னால உம்மாட கால் தெரியும். ராத்தாவும் அங்கதான் நிப்பா.

“சோதன எழுதிற மாதிரி இரிக்கி தம்பி. தொண்டைக்குள்ள அடைக்கிது. மாமிர ஈரல் கறி மாதிரி நான் எங்கயும் திண்டதில்ல. ஆனா எப்பிடிச் சொல்ற? ‘நில்லாதீங்க’ எண்டு பெரியாக்களுக்குச் சொல்லேலுமா? மரியாதைக்குத்தானே நிக்கிறாங்க. அதான் மருதமுனைக்கு எங்கட உம்மாட்ட நாலு நாள் போய் இரிந்து வருவம் எண்டு...”

“ராத்தாவக் கூட்டிப் போகல்லயா?”

“அவவயும் கூட்டிப் போனா, மகளப் பிரிச்சுக் கொண்டு போறன் எண்டு மாமி நெனக்க மாட்டாவா? அதுக்குத்தான் கேக்கல்ல.”

யா அல்லாஹ். ராத்தாவும் இவரும் இப்பிடியே ஒராளுக்காக ஒராள் வாய மூடிக்கிட்டு.

என்ட துருக்கியெல்லாம் போச்சி. பின் பண்ணின கமெண்ட அழிச்சிட்டன். (கவலதான். நூத்திச் சொச்சம் லைக்.)

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு, மச்சான் பள்ளியில இரிக்கக்குள்ள, ஊட்டுல எல்லாருக்கும் சொன்னன். நாளைக்கு எல்லாரும் அவரோட இரிந்து திம்பம் எண்டும் சொன்னன். ராத்தா முகத்தப் பொத்திக்கிட்டு இரிந்திட்டா. உம்மா கல்லு மாதிரி.

“மருமகனுக்கு முன்னால இரிந்து வாய அசைக்கிறதா? நானா? மௌத்தானாலும் மாட்டன். உங்கட வாப்பா மாப்பிள்ளையா வந்து நாப்பது நாளும் எங்கும்மா நிண்டுதான் பாத்தா. அதுதான் கண்ணியம்.”

வாப்பா பேப்பருக்குள்ள இரிந்து: “ஓம். நாப்பது நாளும் எனக்கு வயித்துக் குத்து.”

உம்மா: “என்ன?”

“அண்டைக்குச் சொல்லல்ல. இப்ப சொல்றன்.”

உம்மா எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா. ஒரு சட்டியும் சத்தம் போடல்ல. அதுதான் பயம்.

24, வெள்ளி

வெயில். இலையெல்லாம் தண்ணி சொட்டுது.

சுபஹுக்குப் பிறகு கட்டிலுக்குக் கீழ கிடந்த சஹன எடுத்தன், கலியாணத்துக்கு ஆறு பேர் சுத்தி இரிந்து திண்ட பெரிய தட்டு. கழுவினன். முன்னறையில பாய் விரிச்சன். மேசை பக்கம் நான் பாக்கவே இல்ல.

உம்மா தொழுதிட்டு எழும்பி வந்து பாயப் பாத்தா. குசினிக்குள்ள போய் மாப் பிழிஞ்சா, வழமை மாதிரி. நான் பக்கத்துல நிண்டு வெள்ளரிக்காய் வெட்டினன்.

“அவருக்குத்தான் அது புடிக்காதாமே.”

“எனக்குப் புடிக்கும் உம்மா.”

“மெல்லிசா வெட்டு.”

சஹன்ல: சுத்தி இடியப்பம், ஒரு பக்கம் ஈரல் கறி, ஒரு பக்கம் முட்டை, நடுவுல சலாது. பாக்க நம்மட ஊருலயும் இல்ல, துருக்கியிலயும் இல்ல.

மச்சான் வந்தார். பாயில வாப்பா ஏற்கனவே சம்மணம் போட்டு இரிக்கார், செம்பு பக்கத்துல சும்மா கிடக்கு. ராத்தா இரிந்தா, தலைய நிமித்தாம. நான் இரிந்தன். உம்மா அகப்பையோட கதவடியில.

ஒருத்தரும் கை வெக்கல்ல.

மச்சான் கை கழுவிட்டு அப்பிடியே இரிந்தார். மறுகா நிலத்தப் பாத்துக்கிட்டு, மெதுவா: “மாமி, நீங்க இரிக்காட்டி எனக்கு எறங்காது.”

உம்மாட முகம் என்னவோ ஆச்சி. அகப்பைய எங்க வெக்கிற எண்டு தெரியாம என்ட மடியில வெச்சிட்டா. வந்து ராத்தாக்கும் வாப்பாக்கும் நடுவுல, ஒரு ஓரமா, முக்காட்ட மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டு இரிந்தா. எல்லாத்துலயும் சின்னதாப் பாத்து ஒரு வெள்ளரித் துண்ட எடுத்து முக்காட்டுக்குள்ள கொண்டு போனா.

கறுக்.

அறை முழுக்கக் கேட்டிச்சி. இடியப்பம் எண்டா ஒருத்தருக்கும் தெரியாமத் திண்டிரிக்கலாம். உம்மா மெல்லுறத நிப்பாட்டிட்டா, வாய்க்குள்ள அப்பிடியே வெச்சிக்கிட்டு, கண் மட்டும் பெரிசா.

முதல்ல சிரிச்சது ராத்தா. மறுகா வாப்பா. மச்சான் அடக்கப் பாத்தார், ஏலாமப் போச்சி, தோள் குலுங்கிச்சி. கடைசியா முக்காட்டுக்குள்ள இரிந்து உம்மா. கறுக், கறுக், சிரிப்பு, கறுக்.

“உப்புக் காணா” எண்டா உம்மா. மருமகனுக்கு முன்னால முதல் வாய்ச் சாப்பாட்டோட சொன்ன முதல் கதை.

மச்சான் திண்டார். எத்தின எண்டு ஒருத்தரும் பாக்கல்ல, எல்லாரும் திண்டுக்கிட்டுத்தானே இரிக்கம். நடுவுல ராத்தாக்கிட்ட சொன்னார், எங்களுக்கும் கேக்கிற மாதிரி: “அஸருக்கு எங்கட உம்மாட்டப் போய்ட்டு மஃரிபுக்கு வந்திருவம். நீங்களும் வாங்க.” ராத்தா “ம்” எண்டா. இப்ப இவ மச்சான் மாதிரி.

உம்மா நல்ல ஈரல் துண்டு ஒண்ட விரலால மச்சான்ட பக்கம் தள்ளி வெச்சா. அவர் அத உம்மாட பக்கம் திருப்பித் தள்ளினார். உம்மா திரும்ப. அவர் திரும்ப. ஒராள ஒராள் பாக்கல்ல, ரெண்டு பேரும் சஹனத்தான் பாத்துக்கிட்டு. நாலாம் தரம் அது என்ட பக்கத்தால போகக்குள்ள நான் எடுத்துத் திண்டிட்டன்.