பௌதி சொன்ன ரயில் விலை

ஏன்னா,

வத்தக்குழம்பு மேடையில் இருக்கிறது, அப்பளம் சுட்டுக்கோங்கோ. சாவியை இந்தத் தடவை கீழ்வீட்டு சுதேஷ்ணா பௌதியிடம், அதான் உங்கள் வங்காளத்து மன்னியிடம், கொடுக்கவில்லை. துளசித் தொட்டிக்கு அடியில் பாருங்கோ.

சென்னை ரயிலில் காலையில் ஒரு விலை, மத்தியானம் அதே சீட்டுக்கு வேறு விலை ஏன் என்று அவள் விளக்க, நீங்கள் வாயைப் பிளந்து கேட்டதை மாடிப்படியிலிருந்து பார்த்தேன். அந்த வாய் என் கதைகளுக்கு மட்டும்தான் பிளக்கும் என்று இருந்தேன்.

டிக்கெட் எடுக்க நானே கவுண்டருக்குப் போகிறேன். அவள் சொன்ன அந்த விலை மாறும் பிரீமியம் தட்கல் என்றால் என்னவென்று அங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

பி.கு: பௌதி தந்த பால் இனிப்பு சந்தேஷைத் தேடாதீங்கோ, உங்களுக்குச் சர்க்கரை. நானே தின்றுவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்று: ஆள் ஏற ஏற விலையும் ஏறுமாமே, அதைப் பூதமாக்கிச் சாயங்காலம் கதை சொல்கிறேன். அவளிடம் வாயைப் பிளந்து கேட்ட மாதிரியே கேட்கணும்.