திக்காத பேனா

சிதம்பரம்
15.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ மதியம் சாப்பிடாமல் இருக்காதே. பத்தாம் வகுப்பு முடியும்வரை போன் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் இனிமேல் கடிதம்தான். அப்பாவின் பஸ் தினமும் கடலூர் வருகிறது. கடிதத்தை நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். உள்ளே வரமாட்டாராம்.

இது கீழவீதிக் கண்ணாயிரம் மாமா கடையில் வாங்கிய ஐந்து ரூபாய் பால்பாயிண்ட். எந்தப் பேனாவாக இருந்தாலும் நான் முதலில் இ, ழ, ஞ எழுதிப் பார்ப்பேன், உனக்குத் தெரியும். இதில் இ வளைகிற இடத்தில் மை கட்டிக்கொள்கிறது. ழ நன்றாக வருகிறது. பத்துக்கு ஆறு.

கடையில் ஒன்று பார்த்தேன். பஸ்ஸில் டிரிப் ஷீட் எழுத அப்பாவும் பேனா எடுத்தார். ரீஃபில் டப்பா அட்டையில் எழுதிப் பார்த்தார். மலர் என்று எழுதினார். வேறு பேனா எடுத்தார். அதிலும் மலர்.

"மச்சான், பேனா வாங்க வந்தியா, தங்கச்சி பேர எழுத வந்தியா?" என்றார் கண்ணாயிரம் மாமா.

"சும்மா இருடா," என்று அப்பா அட்டையைத் திருப்பி வைத்தார்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் உன் பெயரைத்தான் எழுதுகிறார். ஆனித் தேருக்கு வருவாயா?

உன்
இலக்கியா

*

கடலூர்
19.06.2025

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்தே எழுதுகிறேன். இங்கே பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒரு பக்கமாக இழுக்கும், நடுவில் திக்கும். மார்க் போடாதே.

நீ பார்த்தது எனக்குப் புதிதில்லை. நிச்சயம் பண்ணின நாளிலிருந்து அப்படித்தான். பேனா எழுதுகிறதா என்று பார்க்க என் பெயரை எழுதுவார். வீட்டுக்கு வந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிடமாட்டார். "இந்தா", "சோறு போடு". கடைசி இரண்டு வருஷம் அதுவும் இல்லை. நீயும் அந்த வீட்டில்தானே இருந்தாய்.

தேருக்கு லீவு கிடைக்காது. மோரில் உப்புப் போட்டுக் குடி, வெயில் ஜாஸ்தி.

அம்மா

*

சிதம்பரம்
24.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இருந்தேன். கவனித்தேன். பேனாவை மட்டும்தான் கவனிப்பேன் என்று நினைக்காதே.

எனக்குப் பேனா வேண்டும் என்று சொல்லி அப்பாவை மறுபடி கடைக்குக் கூட்டிப்போனேன். மலர்தான் எழுதினார். வாயில் வராதது கையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

நூலில் கட்டிய பேனா பற்றி அவரிடம் சொன்னேன். "ரொம்பத் திக்குதாமா?" என்று கேட்டார். இந்த ஒரு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

உன் கவுண்ட்டருக்கு இதோடு ஒரு ஜெல் பேனா வைத்திருக்கிறேன். பத்துக்கு எட்டு.

உன்
இலக்கியா

*

கடலூர்
10.07.2025

பாப்பாவுக்கு,

ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் ரசீதுப் புத்தகத்தில் கார்பனுக்கு அடியில் எழுத்து விழவில்லை. வீட்டில் வைத்திருக்கிறேன்.

வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் அப்பாவும் நானும் சேர்ந்தே விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுகிறோம். சண்டை எதுவும் இல்லை. அப்பாவும் சரி என்றுவிட்டார். பரீட்சை முடியும்வரை நீ அங்கேயே இரு. பிறகு உன் இஷ்டம்.

அம்மா

*

சிதம்பரம்
16.07.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். பிறகு கணக்கு வீட்டுப்பாடம் செய்தேன். எல்லாம் சரியாகவே வந்தது.

நேற்று அப்பா என்னைக் கண்ணாயிரம் மாமா கடைக்குக் கூட்டிப்போனார். நீலப் பேனா கேட்டார். அட்டையில் ம எழுதினார். கை நின்றது. மேலே ஒரு கோடு இழுத்து அதைக் கட்டமாக மூடினார். பிறகு வெறும் கோடுகளாகப் போட்டுப் பார்த்தார். கண்ணாயிரம் மாமா கிண்டல் பண்ணவில்லை. ஃபேன் காற்றில் அட்டை பறக்காமல் ஒரு ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தார்.

"எழுதுது. ரெண்டு குடு," என்றார் அப்பா.

"ரெண்டு எதுக்கு மச்சான்?"

"அவுங்களுக்கு ஒண்ணு. அவுங்க பேனா திக்குதாம், பாப்பா சொல்லிச்சு. நாலு பேரு முன்னாடி பேனாவ ஒதறிக்கிட்டு நிக்கக் கூடாது."

உன்னை 'அவுங்க' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேனாவையும் என்னிடம் கொடுத்து, "கொஞ்சம் எழுதிப் பழக்கிட்டுக் குடு" என்றார். புதுப் பேனா முதலில் திக்கும். எழுதி எழுதித்தான் அதைப் போக்க வேண்டும். உன்னுடையதில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முதல் வரியில் மை விட்டு விட்டு வந்திருக்கிறது பார். இப்போது ஓடுகிறது. இ-யில் கட்டவில்லை. ழ நன்றாக வருகிறது. கார்பனிலும் வைத்துப் பார்த்துவிட்டேன், அடியில் விழுகிறது. பத்துக்கு ஒன்பது.

அப்பாவின் பேனாவுக்கு வேறு தாள் எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மலர் என்று பக்கம் முழுக்க எழுதினேன். அதுவும் திக்கவில்லை.

இரண்டும் ஒரே டப்பாவில் எடுத்தவை. ஒரே நீலம்தான். உன்னுடையதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வேறு எதற்கும் எடுக்காதே. மூடியை இறுக்கி மூடி வை.

உன்
இலக்கியா