வெயில் மேல் ஒரு வழக்கு

2023 ஜூன் 12
கொழும்புக் கம்பெனிக்காரன் கோர்ட் கடிதம் அனுப்பியிருக்கிறான். தகரக் கூரையின் சூடு வீட்டுக்குள் இறங்காமல் நாங்கள் அடிக்கும் தேங்காய்த் தும்புத் தட்டுக்கு ஆக்கவுரிமை அவனுடையதாம், வேறு யாரும் செய்யக்கூடாதாம். தோற்றால் பட்டறைக்குப் பூட்டு. உதயராஜ் இரண்டு தரம் படித்துவிட்டு, "சுரேகா, நம்ம பேரச் சரியா போட்டிருக்கானுங்க" என்றார். இந்த மனுசனைக் கட்டிப் பதினாறு வருசம்.

ஜூன் 20
நாலு பக்க உரிமைக் கோரிக்கையின் சாரம் 'சூடாக்கி அழுத்திய தும்பு அடுக்கு'. நாங்கள் தும்பில் ரப்பர் பால் ஊற்றி, கல்லைத் தூக்கி வைத்து, முற்றத்தில் காயப்போடுகிறோம். வெயிலும் சூடுதான், கல்லும் அழுத்தம்தான் என்கிறார்கள். இனிச் சூரியன் லைசென்ஸ் எடுத்துத்தான் உதிக்க வேண்டும்!

வக்கீல் பஹ்மிதா சிரித்தார். "வெயில்ல காஞ்சது உதிர்ந்துரும், அதனாலதான் மெஷின் சூடுன்னு அவங்களே எழுதித்தான் பேட்டன்ட் எடுத்திருக்காங்க. அப்ப வேணாம்னு தள்ளினத இப்ப கேக்க ஏலாது."

2024 மே 14
எதிர்த்தரப்பு இன்று ஒரு தாளை நீட்டியது. எங்கள் கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ். பின்பக்கத்தில் எங்கள் விளம்பரம்: 'அதிநவீன மெஷினில் சூடாக்கி அழுத்திய தும்புத் தட்டுகள்.'

ஐயோ. மெஷினாம்! பட்டறையில் சுற்றுவது ஒரே ஒரு ஃபேன், அதுவும் பாதி நாள் சுற்றாது.

எழுதியது யார்? உதயராஜ் என்னைப் பார்க்காமல் கோர்ட் கூரையைப் பார்த்தார். நான்தான். கல்லு வைக்கிறோம்னு போட்டா எவன் வாங்குவான்? பக்கத்துக் கட்டத்தில் பல் கட்டுகிறவர் 'ஜெர்மன் முறை' என்று போட்டிருந்தாரே.

மே 15
ஒரே வழிதான் என்கிறார் பஹ்மிதா. கூண்டில் ஏறி, எழுதியது பொய் என்று நானே சொல்ல வேண்டும். அந்த விளம்பரத்தை நம்பினவன் எதிராளி மட்டும்தான்! பயமாக இருக்கிறது. அதைவிட வெட்கம்.

ஜூலை 9
சொன்னேன்.
"மெஷின் எங்க?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
"இல்லீங்க சேர்."
"எப்பவாவது இருந்துச்சா?"
"இல்லீங்க."
நோட்டீஸ் அசல்தான் என்று சாட்சி சொல்ல வந்த கோயில் சபைத் திலீபன் பின்வரிசையில். நாளைக்கு மாத்தளை முழுக்கத் தெரிந்துவிடும்.

நவம்பர் 8
வென்றோம். மெஷின் இல்லை என்று நான் சொன்னதைக் கோர்ட் நம்பியது. வேண்டாமென்று தள்ளிய வெயிலுக்கு அவர்கள் உரிமை கேட்க முடியாதாம். உதயராஜ் கோர்ட் வாசலில் அழுதார்.

எல்கடுவ தோட்டத்து அழகம்மா ஃபோன்: "மெஷினே இல்லாமயா எங்க லயத்து வீட்டுக் கூரைக்கு அடிச்சீங்க? பொய்க்காரி! நாலு வருசமா ஒரு தும்பு உதிரல. இன்னும் எட்டுத் தட்டு அனுப்பு."

2025 பெப்ரவரி 3
திலீபன் இந்த வருச நோட்டீசுக்கு விளம்பரம் கேட்டு வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். 'தும்பு, ரப்பர் பால், கல், வெயில். மெஷின் கிடையாது' என்று எழுதினேன்.

உதயராஜ் எட்டிப் பார்த்தார். "ஜெர்மன் வெயில்னு போடேன், சுரேகா."

பேனாவை மூடிவிட்டேன்.