கியர் பெட்டிக்குள் போன தண்ணீர்

அண்ணா,

நேற்றிலிருந்து ஐந்தாறு முறை கையைக் கழுவிவிட்டேன். சோப்பு, சாம்பல், கடைசியில் கொஞ்சம் டீசல்கூடப் போட்டுத் தேய்த்தேன். கியர் ஆயில் வாடை போக மாட்டேன் என்கிறது. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன், கந்தக நெடி. உன் சட்டையிலும் இதே நெடிதான் அடிக்கும். இட்லியை அப்படியே மடித்து வைத்துவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன்.

உள்ளே செல்விக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "இனிமே ஒரு நாள்கூட தவற விடாதீங்க" என்று மட்டும் சொன்னார். தவற விட்டது நான்தான். எப்படி விட்டேன் என்பதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

உன் ஜீப்பை நான் எப்படிப் பேசினேன் என்று உனக்கு மறந்திருக்காது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த அந்த டீசல் வண்டியை வைத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் சேற்றில் சிக்கிய லாரிகளை இழுத்துவிட்டுப் பிழைத்தாய். நான் கண்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறவன். எனக்கு அது தெருவை அடைக்கும் இரும்பு, அவ்வளவுதான். டயாலிசிஸ் முடிந்து செல்வியை ஆட்டோவில் கூட்டிவந்த ஒரு மதியம், வாசல் வரை ஆட்டோ வர முடியாமல் உன் ஜீப் நின்றது. வெயிலில் பெண்டாட்டியை நடத்திக் கூட்டிவந்த கோபத்தில் தெருவே கேட்கக் கத்தினேன். "இத்த சாத்தாங்காட்டு காயலாங் கடைல எடைக்குப் போட்டுடுண்ணா. யாருக்கு பிரயோஜனம்?" வண்டியை எடுத்துத் தெருமுனை மேட்டில் நிறுத்தினாய். அதன்பிறகு இரண்டு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை.

போன வருஷ மழையில் திருவொற்றியூரில் நம் தெரு இடுப்பளவுக்கு முழுகியது. அன்று செல்விக்கு டயாலிசிஸ் நாள். ஆட்டோ இல்லை, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றபோது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜீப் வந்து வாசலில் நின்றது. நீ இறங்கக்கூட இல்லை. "செல்விய தூக்கினு வா" என்றாய். வழியெல்லாம் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். பாலத்துக்குக் கீழே பானட்டுக்கு மேல் தண்ணீர் ஏறியபோது நான் பயந்து "நிறுத்துண்ணா" என்றேன். "நிறுத்துனா செத்தோம்" என்றாய். அந்த வாரம் மூன்று தடவை போனோம். பதினாறு நாள் கழித்து மாதவரம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழவே இல்லை. அதற்குள் நான் உனக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

ஜீப்பை நான் விற்கவில்லை. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பேன். அதுதான் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் புயல் சின்னம் என்று சொன்னதும் செவ்வாய்க்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து, நீ செய்ததைப் பார்த்த ஞாபகத்தில், கியர் பெட்டியின் திருகைக் கழற்றினேன். கறுப்பாக ஆயில் வரும் என்று எதிர்பார்த்தேன். பால் டீ மாதிரி வெளுப்பாகக் கொழகொழவென்று வந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வரும் என்று பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சொன்னார். எந்தத் தண்ணீர் என்று அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. செல்விக்காக நீ இறங்கிய தண்ணீர். ஒரு வருஷமாக அது உள்ளேயே கிடந்து இரும்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் மேலே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து விளையாடியிருக்கிறேன்.

தெரு முக்கில் இருக்கும் டயர் கடையில் கேட்டேன். கெட்டியான கியர் ஆயில் ஒரு கேன் கொடுத்து, "ஜி.எல். அஞ்சு. இருக்கறதிலயே ஒஸ்தி இதான். கியருக்கும் ஊத்து, ஆக்சிலுக்கும் ஊத்து, எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றார். நம்பர் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கியர் பெட்டியிலும் சக்கர ஆக்சிலிலும் அதையே ஊற்றினேன்.

வியாழக்கிழமை விடிந்தபோது தெரு முழுகியிருந்தது. செல்வியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் பல்லைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம், விழவில்லை. கிளட்சை மிதித்து மிதித்துத் தள்ளினேன். தண்ணீர் நடுவில் வண்டி நின்றது. அதை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வர ஆறு பேர் தேவைப்பட்டார்கள். டயாலிசிஸ் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. முகம் ஊதி, கால் ஊதி, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். ஆம்புலன்ஸ்காரர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் வர முடியும் என்றார். படகு வரும் என்றார்கள், நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. "மாமா இருந்திருந்தா..." என்று உன்னை நினைத்து ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தண்டவாளம் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதன் மீதே கொருக்குப்பேட்டை வரை நடந்தேன். நீ ஆயில் வாங்கும் பாய் கடை பாதி ஷட்டர் திறந்திருந்தது. உன் தம்பி என்று சொன்னதும் பாய் எழுந்து நின்றார். உன் சாவு அவருக்குத் தெரியாது. சொன்னேன். கியர் விழாமல் வண்டி நின்றுபோனதையும் சொன்னேன். கியர் பெட்டியில் என்ன ஊற்றினாய் என்று பாய் கேட்டார். ஜி.எல். ஐந்து என்றேன்.

"நம்பர் பெருசா இருந்தா நல்லதுனு நென்சிகினியா நைனா? அஞ்சு ஆக்சிலுக்கு. அது அங்கயே கெடக்கட்டும். கியர் பொட்டிக்குள்ள பித்தளை வளையம் கீது. கியர் மாறச்சொல்ல அது கவ்விப் புடிக்கணும். நீ ஊத்துனது கெட்டியா கீது, அதுல வழுக்கிடும். நாளானா பித்தளையவே அரிச்சிடும். உங்க அண்ணன் எப்பவும் கொஞ்சம் லேசானது, எண்பது தொண்ணூறு நம்பர், ஜி.எல். நாலுதான் வாங்குவாரு."

என்ஜின் ஆயிலுக்கு, கடை முன்னால் அடுக்கியிருந்த பளபளப்பான டப்பாவைக் காட்டினேன். தலையாட்டினார். "அது தண்ணி மாரி இருக்கும், புது காருக்கு. இது வயசான டீசல் வண்டி, பதினஞ்சு நாப்பது நம்பர் போதும்." கேன்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "போன வருசம் மழை வுட்டதும் வந்தாரு. கியர் பொட்டில தண்ணி பூந்துடுச்சி பாய், மாத்தணும்னாரு. நாலு நம்பர் ஸ்டாக் இல்ல. திங்கக்கெயம வாங்கனு சொன்னேன். வரல. ரெண்டு மாசம் எடுத்து வெச்சிருந்து வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். அன்னிக்கே இன்னா அவசரம்னு கேட்டேன். தம்பி சம்சாரத்த வாரத்துக்கு மூணு தபா இட்டுனு போவணும், அடுத்த மழைக்கு வண்டி ரெடியா இருக்கணும்னாரு."

அங்கேயே ஷட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் அண்ணா. நான் எடைக்குப் போடச் சொன்ன வண்டியை நீ எதற்காக வைத்திருந்தாய் என்று எனக்கு ஒரு ஆயில் கடையில்தான் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு கையிலும் கேனைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் திரும்பி வந்தேன். மேட்டில், மழையில், வண்டிக்கு அடியில் படுத்துக் கெட்டி ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினேன். ஆட்டோக்காரர் குடை பிடித்தார். தண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று ஆயில் ஊற்றும் துளையை என் முகத்தால் மறைத்துக்கொண்டேன். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளே ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். வேறு வழியில்லை. என்ஜின் ஆயிலையும் மாற்றி முடித்தபோது மணி நான்கு.

செல்வியைத் தூக்கிவந்து முன்சீட்டில் உட்கார வைத்தேன். அவள் உதடு நீலம் பூத்திருந்தது. கடவுளை எல்லாம் கூப்பிடத் தோன்றவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன். கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்குத் தள்ளினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு விழுந்தது. பாலத்துக்குக் கீழே போகும்போது பானட்டுக்கு மேல் தண்ணீர் அலையடித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் எடுத்தேன்.

நேற்று இரண்டு மணி நேரம், இன்று மறுபடி நான்கு மணி நேரம் என்று மெஷின் போட்டிருக்கிறார்கள். சற்று முன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். நர்ஸம்மா செல்வியிடம் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் பக்கமெல்லாம் ஒரே வெள்ளமாமே, எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்.

"மாமா வண்டில வந்தோம்" என்றாள் செல்வி.

"அவரு இன்னும் வெளியதான் கீறாரா? சாப்ட்டாரா? சாப்டலனா சாப்ட சொல்லு" என்றார் நர்ஸம்மா, வண்டி ஓட்டி வந்தது நீதான் என்று நினைத்து.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நீ இல்லை என்று நர்ஸம்மாவிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. "சாப்ட்டாரும்மா" என்றேன். அடுத்த மெஷின் செவ்வாய்க்கிழமை; திங்கட்கிழமைக்கு மறுபடி மழை சொல்லியிருக்கிறார்கள்.