கேட்பதற்கு ஒரு பட்டன்

நேற்று ஓரிக்கையில் ஒரு மருந்துக்கடையில், நீ செய்த ஜன்னல் ஒன்றைப் பார்த்தேன். லீவில் காஞ்சிபுரம் வந்தவள், அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரரின் கம்ப்யூட்டர் திரை என் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. சாம்பல் நிறச் சதுரம், அதற்குள் கொஞ்சம் கோணலாக நின்ற பட்டன்கள், மேலே நீலப் பட்டையில் 'ஃபார்ம்1' என்ற தலைப்பு. அந்த நாட்களில் இப்படி ஜன்னல்கள் செய்யப் பயன்பட்ட விஷுவல் பேசிக் மென்பொருளில் புதிதாக எதைத் தொடங்கினாலும் அதுவாக வைத்துக்கொடுக்கும் பெயர் அது. வேலை முடிந்ததும் பெயரை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். நீ மாற்றமாட்டாய்.

இருந்தாலும் அப்படி விட்டவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே கடைக்காரர் எதையோ தவறாக அழுத்தினார். 'டிங்' என்றது. ஒரு சின்னப் பெட்டி வந்து, ஆங்கில எழுத்தில் தமிழ் பேசியது: 'ஐயோ, தப்பா அழுத்திட்டீங்க. பரவால்ல, இன்னொரு வாட்டி பாருங்க.' நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

"இதை யாருங்க செஞ்சு குடுத்தது?" என்று கேட்டேன்.

"தெர்லம்மா. எங்கப்பா கடைய பாத்துக்கினு இருந்தப்போ யாரோ ஒரு மேடம் வந்து போட்டுக் குடுத்தாங்களாம். இன்னும் ஓடிக்கினுதான் இருக்குது."

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது தொண்ணூறுகளின் பிற்பாதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். டிகிரி முடித்துவிட்டுக் கல்யாணத்துக்கும் வேலைக்கும் நடுவில் நின்ற பெண்களை எல்லாம் அங்கேதான் அனுப்பி வைத்தார்கள். நான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவேன். நீ பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்து வருவாய். கோர்ஸ் முடிந்ததும் சென்டர் சார் நம் இருவரையும் அங்கேயே பாடம் நடத்த வைத்துக்கொண்டார்.

நான் நோட்ஸில் உள்ளபடி செய்கிறவள். நீ நோட்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு மவுஸைப் பிடிப்பவள். "இத்த மாத்துனா இன்னா ஆவுதுன்னு பாக்கலாம் வாடி" என்பாய். ஒருநாள் மத்தியானம் முழுக்க சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை மாற்றி மாற்றி, உன் அக்கா கல்யாணப் புடவையின் அரக்கு நிறத்தைத் திரையில் கொண்டுவரப் பார்த்தாய். வந்ததும் கைதட்டினாய். இது எதற்கு என்று கேட்டேன். "எதுக்கும் இல்லடி. வருதான்னு பாத்தேன்."

அந்த விஷுவல் பேசிக்கை இன்றைக்கு யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் எனக்கு வார்த்தை தடுமாறுகிறது. திரையின் இடது பக்கம் ஒரு பெட்டி நிறையச் சாமான்கள் இருக்கும். அதிலிருந்து ஒரு பட்டனை எடுத்து வெற்றுச் சதுரத்தில் வைத்தால், பட்டன் வந்துவிடும். அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினால் எழுத இடம் திறக்கும். ஒரு வரி எழுதி ஓடவிட்டால் ஓடும். மனதில் தோன்றியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவில் காபி ஆறும் நேரம்கூட ஆகாது. தப்பாகப் போனால் போகட்டும் என்று விளையாட அது இடம் கொடுத்தது. நீ விளையாடினாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

அவர் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் கண்டக்டர். உன்னைத் தெரிவதற்கு முன்பே எனக்கு அவரைத் தெரியும். அவர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டோடு இரண்டு கேள்வியும் கிடைக்கும். "யாரு வூட்டுப் பொண்ணும்மா? இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் போற?" பதில் சொன்னால் அதிலிருந்து அடுத்த கேள்வி. இறங்குவதற்குள் நம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, வாய்க்கு வார்த்தை வரவில்லை, எழுத்தும் கலங்கித் தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். பயிற்சி செய்தால் கொஞ்சம் தேறலாம் என்றார். ஆனால் அவர் பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. "இப்டியே போனா பொழைக்க மாட்டாருடி" என்று சென்டர் படிக்கட்டில் உட்கார்ந்து நீ சொன்னபோது உன் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது.

சென்டரில் சும்மா கிடந்த பழைய மெஷினை எடுத்துப் போகச் சொன்னார் சார். பெட்ஷீட்டில் சுற்றிய மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். கட்டிலுக்குப் பக்கத்தில், தையல் மெஷின் மேசையில் அதை வைத்தோம். நீ பெரிய பெரிய பட்டன்களாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்தாய். சொம்பு, சோற்றுத் தட்டு, அழுகிற முகம், மின்விசிறி. எதைத் தொட்டாலும் உன் குரல் பேசும். 'தண்ணி வேணும்.' 'பசிக்குது.' 'வலிக்குது.' 'ஃபேன் போடு.' குரலைப் பதியவும் ஒலிக்க வைக்கவும் அந்த மென்பொருளின் உதவிப் பக்கங்களை அகராதியோடு படித்தாய்.

உன் அப்பா இடது கையால் மவுஸைத் தொட்டார். 'தண்ணி வேணும்' என்று உன் குரல் சொன்னது. உங்கம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் அதைக் குடிக்கவில்லை. மவுஸைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உனக்கு இன்னாதாம்பா வேணும்?" என்று நீ கத்தினாய். கத்திவிட்டு வாசலுக்குப் போய் அழுதாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

ஏழுமலை அண்ணன் வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவர் உன் அப்பாவின் பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டிய டிரைவர். அவருக்குச் சாதாரணமாகப் பேசத் தெரியாது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு டிப்போ சமாச்சாரம் சொல்ல ஆரம்பித்தார்.

"நேத்து ஒரு ஆளு, ஆட்டுக்குட்டிய பைக்குள்ள வச்சிக்கினு ஏறிட்டாம்பா. புது கண்டக்டரு, சின்னப் பையன், பாக்கவே இல்ல. வாலாஜாபாத் தாண்டுது, பை கத்துது..."

அந்த நேரம் பார்த்து உங்கம்மா டீயை நீட்டினார். ஏழுமலை அண்ணன் வாங்கி ஊதி ஊதிக் குடிக்கத் தொடங்கினார். உன் அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். உங்கம்மா பதறிப்போய், "வலிக்குதா? பாத்ரூம் போணுமா?" என்றார். அவர் இன்னும் வேகமாக அடித்தார். முகம் சிவந்தது.

நீ அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஏழுமலை அண்ணனிடம் சொன்னாய்: "அண்ணே, டீய கீழ வை. அந்த ஆட்டுக்குட்டி இன்னா ஆச்சு, அத்த சொல்லு."

அவர் சொன்னார். கட்டிலை அடித்த கை நின்றது.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் கிளம்பும்போது தெருமுனைவரை வந்தாய். "இவ்ளோ நாளா பதில் சொல்றதுக்கே பட்டன் வச்சிக்கினு இருந்திருக்கேன்டி. அவரு கேக்கறவருடி. எல்லாரும் அவரையே கேட்டுக்கினு இருக்கறோம், அவரால ஒண்ணு கேக்க முடியல."

"கேக்கறதுக்குப் பட்டன் வைக்கலாமே" என்றேன்.

"எந்தக் கேள்வின்னுதான் யோசிக்கறேன்."

மறுநாள் எல்லாவற்றையும் மாற்றினாய். சொம்பையும் தட்டையும் ஓரத்தில் சின்னதாக்கிவிட்டு, நடுவில், படிக்காமலே தெரியும்படி ஒவ்வொன்றும் ஒரு நிறமாக, புதிய பட்டன்கள் வைத்தாய். 'யாரு?' 'ஏன்?' 'எங்க போற?' 'அப்புறம்?' கடைசியாக யோசித்து யோசித்து 'பொய்!' என்று ஒன்று. குரல் உன்னுடையதாக இருக்கக் கூடாது, ஆம்பளைக் குரல் வேண்டும் என்று ஏழுமலை அண்ணனை வரவழைத்தாய். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு அவர் போட்ட 'யாரு?'வில் பக்கத்து வீட்டில் தறி நின்றது.

மவுஸை அழுத்துவது உன் அப்பாவின் இடது கைக்குக் கஷ்டமாக இருந்தது. அழுத்தினால் நழுவியது. எழுதும் இடத்தின் தலைப்பில் இருந்த பட்டியலை இழுத்துப் பார்த்து, பட்டன்மேல் மவுஸின் அம்பு நகர்ந்தாலே போதும் என்று ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தாய். ஓடவிட்டோம். அவர் அம்பைக் கொண்டுபோய் 'யாரு'வின்மேல் நிறுத்தினார். நிறுத்திய கை நடுங்கியது. நடுங்கிய ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஏழுமலை அண்ணன் கத்தினார். யாரு! யாரு! யாரு! யாரு! தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர், "நான்தாங்க!" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்துவிட்டார். நீ ஸ்பீக்கர் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தாய். கட்டிலிலிருந்து வினோதமாக ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தோம். உன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். படுத்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ஒரு தடவை பேசினால் கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்தது பேச வேண்டும் என்று டைமர் வைத்துச் சரிசெய்தாய். அதற்குப் பிறகு அந்த வீடு மாறியது. ஏழுமலை அண்ணன் கதை சொல்வார். அவர் குரலிலேயே 'அப்புறம்?' வரும். தன்னைத் தானே கேட்பதுபோல இருக்கிறது என்று ஆரம்பத்தில் கூச்சப்பட்டார். அப்புறம் 'பொய்!' வாங்குவதற்காகவே புளுகத் தொடங்கினார். நீ செருப்பு மாட்டும்போது 'எங்க போற?' வரும். சாப்பாடு இறங்கியது. பயிற்சி கொடுக்க வந்தவர் காலை மடக்கச் சொன்னால் 'ஏன்?' என்று கேட்டு, பதில் பிடித்தால் மடக்கினார்.

உன்னைப் பெண் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கம்மா கூப்பிட்டதால் நானும் இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நன்றாகத்தான் பேசினார். காபி பாதி குடித்ததும், "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்கு வாணாம். கம்ப்யூட்டரும் வாணாம்" என்றார். கட்டில் பக்கத்திலிருந்து ஏழுமலை அண்ணன் குரல் கேட்டது: 'ஏன்?'

அந்தம்மா சுற்றும்முற்றும் பார்த்தார். "வூட்டப் பாத்துக்கணும்ல" என்றார்.

'ஏன்?'

"எங்க வழக்கம் அப்டிங்க."

'ஏன்?'

மாப்பிள்ளை பாவம், தன் அம்மாவையே பார்த்தார், அவருக்கும் பதில் தெரிய வேண்டும்போல. காபியை முடிக்காமல் எழுந்துவிட்டார்கள். உங்கம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நீ உள்ளே போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் வெளியே வந்து அப்பாவின் கன்னத்தில் தட்டிக்கொடுத்தாய்.

அவர் அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். கைத்தடியோடு தெருமுனைவரை நடந்தார். சில வார்த்தைகள் திரும்பி வந்தன; அவற்றிலும் பாதிக்கு மேல் கேள்விகள்தான்.

நான் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டேன். அங்கே நாம் விளையாடிய கருவியை மெல்ல மெல்லக் கைவிட்டு வேறு வேறு கருவிகளுக்கு மாறினார்கள். நீ காஞ்சிபுரத்திலேயே இருந்து, உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, கடை கடையாகப் போய் பில் போடும் ஜன்னல்கள் செய்தாய். ஒரு பொங்கல் லீவில் என் லேப்டாப்பைத் திறந்து, இன்றைக்கு ஒரு பட்டன் வைப்பதற்கு என்னென்ன இறக்க வேண்டும், எதெதை நிறுவ வேண்டும் என்று உனக்குக் காட்டினேன். நீ கேலி செய்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய். "இது இன்னா பண்ணுது? இத்த எடுத்துட்டா ஓடாதா? எடுத்துப் பாக்கலாமா?" எடுத்தோம். எல்லாம் நின்றுபோனது. உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பழையது போயிற்றே என்று வருத்தப்பட்டது நான்தான். உனக்கு எல்லாமே திறந்து பார்க்க வேண்டியவை.

உனக்கு நோய் என்று தெரிந்த பிறகும் நீ மாறவில்லை. ஸ்கேன் எடுக்க உள்ளே போனவள், வெளியே வந்ததும், "அந்தத் தம்பிகிட்ட ஸ்க்ரீனைக் காட்டச் சொன்னேன்டி. சூப்பரா இருக்குது. இது எந்த லாங்குவேஜ்ல எழுதுனதுன்னு கேட்டேன், தெர்லன்னுட்டாரு" என்றாய். அடுத்த முறை போனபோது அவர் யாரிடமோ விசாரித்துவைத்துச் சொன்னாராம். எனக்கு அழுகை வந்தது. நீ அந்தப் பதிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய்.

இப்போது நான் ஆஸ்பத்திரிகளுக்குத் திரைகள் செய்யும் இடத்தில் இருக்கிறேன். போன மாதம், தொண்டையில் ஆபரேஷன் செய்து பேச முடியாமல் படுத்திருப்பவர்களுக்காக ஒரு திரை. கூட்டத்தில் பட்டன்களைக் காட்டினார்கள். தண்ணீர், வலி, நர்ஸ். எல்லாம் அழகாக இருந்தன.

"இவா ஏதாவது கேக்கணும்னா எதைத் தொடுவா?" என்றேன்.

"நர்ஸ் பட்டன் இருக்கே மேடம்."

"அது கூப்பிடறதுக்கு."

மறுநாள் நான் வார்டுக்குப் போய், கழுத்தில் கட்டோடு படுத்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். மூடட்டுமா என்றேன், தலையை ஆட்டினார், இல்லை. காதைத் தொட்டுக்காட்டினார். வெளியே எங்கோ இரும்பில் இரும்பு மோதுவதுபோல விட்டுவிட்டு ஒரு சத்தம். வந்த நாளிலிருந்து அது அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. என்னவென்று சொல்ல ஆளில்லை.

நான் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கிரேன் கம்பிக் கட்டுகளைத் தூக்கி மாடியில் இறக்கிக்கொண்டிருந்தது. கீழே மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டி வழிகாட்டினார். பார்த்ததை எல்லாம் சொன்னேன். பெரியவர் கண்ணை மூடாமல் கேட்டார். நான் நிறுத்தியதும், விரலை ஆட்டி இன்னும் சொல் என்றார். மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன்.

அந்தத் திரையில் இப்போது முதல் பட்டனில் எழுதியிருப்பது: 'அது என்ன சத்தம்?'