மூடியில் எழுதியிருக்கும் ஒயில்

2025 பெப்ரவரி 3, திங்கள்

முனீப்பின் கராஜில் ஒரு மணித்தியாலம் வீண். கண்டி வீதியில் எத்தனையோ கராஜ் இருக்க, நான் ஏன் இந்த மனிதனிடம் போய் நிற்கிறேன்? கஜந்திக்கு அவன்மேல் நம்பிக்கை. கட்டிய புருசனில் இல்லாத நம்பிக்கை.

காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுடைய எண்ணம். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினான். உள்ளே கறுப்பாகக் களி அப்பிக் கிடந்தது. "காலம் தப்பி ஒயில் மாத்தினா இப்பிடித்தான் சேர்," என்றான். 2022இல் பெற்றோலுக்கே நாட்கணக்கில் வரிசையில் கிடந்தோம். அப்போது ஒயில் மாற்ற யார் போனது? குறையக் குறைய ஊற்றி ஓட்டினேன். அதற்குப் பிறகும் அப்படியே ஓட்டினேன்தான். கார் ஓடியதே, நிற்கவில்லையே!

எஞ்சின் பிளஷ் போட்டுக் கழுவித் தா என்றேன். பழைய ஒயிலோடு ஊற்றி, எஞ்சினை நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் வடித்துவிடுகிற திரவம் அது. போனில் எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன். மாட்டானாம். "இந்தளவு கசடு இரிக்கிற எஞ்சினுக்கு அது கூடாது சேர். கட்டி கட்டியாக் கழண்டு போய் ஒயில் உறிஞ்சிற வலைய அடைச்சிரும். நல்ல ஒயில ஊத்துவம், கொஞ்சம் ஓடினதும் மாத்துவம், பிறகும் ஒருக்கா மாத்துவம். மெல்ல மெல்லத்தான் கழுவணும்."

ஒயிலிலும் பிடிவாதம். 0W-20 என்று மூடியிலேயே அச்சடித்திருக்கிறதாம், அதைத்தான் ஊற்ற வேண்டுமாம். அது ஜப்பான் பனிக்கு அச்சடித்தது. திருகோணமலை வெயிலுக்கு அந்தத் தண்ணீர் எந்த மூலைக்கு? தடித்த ஒயிலாக, 20W-50 ஊற்று என்றேன். தலையைச் சொறிந்தான். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.

5, புதன்

கஜந்திக்கு இந்த வருடம் இலங்கைத்துறைப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம். கிண்ணியா, மூதூர் எல்லாம் தாண்டிப் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. இன்று சொல்லிவிட்டாள்: "கார் ஓடுற வரைக்கும் வந்து போவன். கார் பழுதானா அங்கயே ஒரு அறை எடுத்துப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிடுவன். பஸ்ஸில அலைய என்னால ஏலாது."

என் வீட்டில் எனக்கே அறிவித்தல். நானும் பிள்ளையும் இல்லாமல்— இல்லை, அவளும் பிள்ளையும் இல்லாமல் நான் இந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? கார் பழுதாகாது. நான் விடமாட்டேன்.

7, வெள்ளி

அரை நாள் லீவு. ஒயில் மாற்ற வேண்டுமென்று கஜந்தி இன்று மட்டும் பஸ்ஸில் போனாள், கார் என்னிடம். வரும் வழியில் பிளஷ் போத்தல் ஒன்று வாங்கினேன். முனீப் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான், கராஜ் பூட்டு. நானே ஊற்றினேன். இதற்கு என்ன பட்டமா வேண்டும்?

ஓடும் காரை வெயிலில் நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் பக்கத்தில் நிற்க நான் என்ன விசரனா? ஓடினால் இன்னும் நன்றாகக் கழுவப்படும், அது பொது அறிவு. உப்புவெளி வரை போய் வந்தேன். முக்கால் மணித்தியாலம்.

முனீப் வந்து ஒயிலை வடித்தான். விரலில் தொட்டு மணந்தான். "தண்ணி மாதிரி வருது சேர். வேற ஏதும் ஊத்தினீங்களா?"

இல்லை என்றேன். அவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஒரு பார்வை பார்த்தான். பிறகு நான் சொன்ன தடித்த ஒயிலை ஊற்றினான்.

எஞ்சின் சத்தமே குறைந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி.

10, திங்கள்

காலை ஆறே முக்காலுக்குக் கஜந்தியின் போன். இறால்குழிப் பாலத்துக்குக் கிட்டவாம். ஒயில் விளக்குச் சிவப்பாக எரிந்ததாம், எஞ்சின் கடகடவென்று அடித்ததாம், உடனே நிறுத்திவிட்டாளாம். நல்ல காலம் நிறுத்தினாள். பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போனாள். காரை லொறியில் கட்டி முனீப்பிடம் கொண்டு போனார்கள்.



11, செவ்வாய்

பின்னேரம் இருவரும் கராஜுக்குப் போனோம். முனீப் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி வைத்திருந்தான். ஒயில் உறிஞ்சும் வலையில் ஓர் ஓட்டை தெரியவில்லை, அவ்வளவும் கறுப்புக் கட்டி.

"பிளஷ் போட்டாத்தான் ரீச்சர் இப்பிடிக் கழரும். நான் போடல்ல," என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னான்.

அவள் என்னிடம் திரும்பினாள். "அப்ப ஆர் போட்டது?"

"இவற்ற கராஜில நிண்ட கார். என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?"

அப்படித்தான் வாயில் வந்தது. வந்துவிட்டது. நான் என்ன செய்ய?

பிறகு கஜந்தி முனீப்பைப் பிடித்த பிடி! நாலு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பிழை விட்டா ஓம் எண்டு சொல்லப் பழகுங்கோ. உங்களை நம்பித்தானே நான் இத்தனை பாலம் கடந்து ஓடினனான்! நடு ரோட்டில செத்திருந்தா?"

அவன் துணியில் கையைத் துடைத்தான். "வலையைக் கழுவி, மூடியில எழுதியிரிக்கிற ஒயில ஊத்திப் பாப்பம் ரீச்சர். எஞ்சின் தப்பியிரிக்கும்," என்றான்.

"தேவையில்லை. கார் இனி உங்களிட்ட நிக்காது."

"சரி ரீச்சர்."

சரியாம்! ஒரு சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு ஏச்சு ஏசி ஆறியிருப்பேன். அதற்கும் விடவில்லை, எமகாதகன்.

12, புதன். போயா லீவு

கஜந்தி என்னோடு நன்றாகக் கதைக்கிறாள். அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

15, சனி

காரை வேறொரு கராஜுக்கு இழுத்துப் போனோம். அங்கே இருந்தவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எஞ்சின் முடிந்தது, வேறு எஞ்சின் போடுங்கள் என்றான். மடையன்.

கஜந்தி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்ற விடுகைப் பத்திரத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். முனீப்பிடமே திருப்பிக் கொண்டு போவோம், அவன் திருத்துவான் என்றேன். "அந்தாளின்ர வாசலை மிதிக்க மாட்டன். நீங்கள் எப்ப இருந்து அவருக்கு வக்காலத்து?" என்றாள்.

திருத்தக்கூடிய ஒரே ஆளிடம் அவளைப் போகவிடாமல் செய்தது யார்? எழுதத் தேவையில்லை.

16, ஞாயிறு

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கதவில் நின்று சொன்னேன். "பிளஷ் நான்தான் ஊத்தினனான்."

துருவல் நிற்கவில்லை. "எப்ப?"

"வெள்ளிக்கிழமை. அவன் தொழப் போன நேரம்."

"அதோட ஓடினீங்களா?"

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"உப்புவெளி."

தேங்காய் முடிந்தது. சிரட்டையை வைத்தாள். "நான் அந்த மனிசனை நாலு பேருக்கு முன்னால ஏசினனான். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்."

அவ்வளவுதான். கோப்பை ஒன்று பறக்கும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. அவளைப் போகவிடாமல் வைத்திருக்கத்தானே சொன்னேன், அதையாவது யோசித்தாளா? நான் என்ன கொலையா செய்தேன்? காசு சேர்த்து வாங்கிய காரை நானே கழுவப் பார்த்தேன். அது ஒரு குற்றமா?

குற்றம் அது இல்லை. தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

17, திங்கள்

லீவு போட்டுவிட்டு முனீப்பிடம் போனாள். நானும் பின்னால் போனேன். அதே இடத்தில், ஆட்கள் நிற்கத்தக்கதாக, மன்னிப்புக் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் வெளியே போனதும் அவன் என்னிடம் வந்தான்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் சேர். மணத்தில."

"பிறகேன் வாயைத் திறக்கேல்ல?"

"ரீச்சர் உங்கள நம்பினா. அத நான் ஏன் ஒடைக்கிற?"

என் வீட்டைக் காப்பாற்ற இவனை யார் கேட்டது? கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை. வெட்கம் கெட்ட கோபம்.

22, சனி

கார் ஓடுகிறது. முனீப் அதைத் திருப்பி இழுத்துவந்து, வலையைக் கழுவி, பில்ற்றர் மாற்றி, அந்த மெல்லிய ஒயிலை ஊற்றியிருக்கிறான். கடகடப்பு இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. நானே ஓட்டிப் பார்த்தேன், பட்டுப்போல் போகிறது. ஜப்பான்காரன் பனிக்கு மட்டும் அச்சடிக்கவில்லைப் போல.

கஜந்தியிடம் சொன்னேன், "இனி அறை தேவையில்லைத்தானே. கார் பழுதானாத்தான் எண்டு சொன்னனீர்."

பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அது காருக்குச் சொன்னது. இப்ப போறது காரால இல்லை," என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

வெள்ளி பின்னேரம் வந்த கஜந்தியும் பிள்ளையும் இன்று மூன்று மணிக்குத் திரும்ப இலங்கைத்துறைக்குப் போனார்கள். பைகளை நான்தான் காரில் ஏற்றினேன். அரிசி, தூள், பிள்ளையின் புதுப் பள்ளிக்கூடச் சப்பாத்து. தூரப் பயணம், ஒயில் மட்டம் பார்ப்போம் என்று பொனற்றைத் தூக்கினேன்.

"முனீப் நேற்றுப் பாத்தவர்," என்றாள்.

மூடிவிட்டேன். பிள்ளை கை காட்டியது.